கதையில் இனிக்கிற ரகசியம்



மாத நாவல் படிக்காத பெண்கள் நம்மில் குறைவு. ஒரு சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டில் பார்த்துக் கொள்ளும் இரண்டு பேர், இரு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பழைய ரகசியம். கடைசி வரை திக்திக்கென்று கொண்டு போய், பெரியவர்கள் மனம் மாறி, கல்யாணத்தில் முடித்து விடுவார்கள். மத்தியான வேலை ஓய்ந்த பிறகு நானும் ஆவலாய்ப் படிப்பவள்தான்.

நிஜத்தில் அப்படியா நடக்கிறது? விருத்தாசலம் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் 2003-ல் பதிவுத் திருமணம் செய்து கொண்டார்கள். முருகேசன் தலித், இன்ஜினீயரிங் படித்தவர். கண்ணகி வேறு சாதி. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டே மாதத்தில் விஷயம் வெளியே வந்து விட்டது. இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்து விட்டார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், தண்டனை கிடைத்தது 2021-ல். பதினெட்டு வருஷம்! 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தண்டனை பெற்றவர்களில் பெண்ணைப் பெற்ற தகப்பனும் கூடப் பிறந்த அண்ணனும் உண்டு என்பதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

சட்டம் இல்லாமல் இல்லை. வயது வந்த இருவர் விரும்பிக் கல்யாணம் செய்து கொள்வதில் குடும்பமோ, ஊரோ, பஞ்சாயத்தோ தலையிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018-லேயே சொல்லி விட்டது. அப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும், மாவட்டம் தோறும் அதற்குத் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. தனிச் சட்டம் கொண்டு வருவது பற்றிப் பரிந்துரை செய்ய, ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் போலீசும் கோர்ட்டும் வருவதற்கு முன்னால் அந்தப் பெண் இருப்பது நம் வீட்டுக்குள்ளே அல்லவா?

வீட்டில் முதலில் தெரிந்து கொள்பவள் அம்மாதான். பெண் சரியாகச் சாப்பிடாததும், போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போவதும் நம் கண்ணுக்குத் தப்புமா? தெரிந்தும் வாயை மூடிக் கொள்கிறோம். 'அப்பா காதுக்குப் போனால் வெட்டிப் போட்டுடுவார்' என்று மிரட்டுகிறோம். அவசரமாக ஒரு வரனைப் பார்த்து, அந்தப் பையனிடமும் மறைத்துக் கட்டி வைக்கிறோம். இப்படி ஒரு ரகசியம் இரண்டாகி, இரண்டு குடும்பத்தைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு சித்தி உண்டு. பிடித்தவரோடு போனவள். அவள் பேரை எடுத்தாலே பாட்டி எழுந்து உள்ளே போய் விடுவாள். 'இந்த வீட்டில் உண்மை சொன்னால் உன் பேரே இல்லாமல் போயிடும்' என்பதுதான் சின்ன வயசில் நான் அதில் கற்ற பாடம்.

போன மாதம் ஒன்பதாவது படிக்கும் என் மகள், நான் படித்து வைத்த நாவலைப் புரட்டிக் கொண்டே, 'நான் இப்படி வந்து சொன்னா நீ என்னம்மா பண்ணுவே?' என்று கேட்டாள். 'போய்ப் படிக்கிற வேலையைப் பாரு' என்று அதட்டி விட்டேன். இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குத் தலை பின்னி விடும்போது சொன்னேன்: 'இப்ப படிப்புதான் முக்கியம். பிறகு எப்போ எதுவானாலும் முதல்ல என்கிட்ட சொல்லு. நான் திட்டுவேன், அழுவேன். ஆனா உன்னைக் கைவிட மாட்டேன்.' சித்தியைப் பற்றியும் சொன்னேன்.

பெண் காதலித்தால் உடனே சம்மதித்து விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பையன் யார், என்ன வேலை, குணம் எப்படி என்று விசாரிப்பது பெற்றவர் கடமை. ஆனால் அவள் பயமில்லாமல் வாயைத் திறந்தால்தானே விசாரிக்கவே முடியும்? ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்கும் முன், நம் பெண் என்ன சொல்ல வருகிறாள் என்று ஒரு நிமிஷம் கேட்போமே!

— ஒரு வாசகி, சிதம்பரம்