நாம் கேட்கும் சுயாதீனம், நாம் கொடுக்கும் சுயாதீனம்



மனச்சாட்சியின்படி தேவனை ஆராதிக்கும் உரிமையை நாம் அனைவரும் விரும்புகிறோம். நம்மோடு இணங்காதவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறோமா?

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்னும் விசுவாசிகள் எழும்பினர். குருவோ, ஞானஸ்நானமோ, திருவிருந்தோ இன்றி அவர்கள் மௌனமாய்க் கூடிவந்து, ஆவியானவர் ஏவும்போது மாத்திரமே பேசினர். ஆணையிட மறுத்தனர். அரச சபையை விட்டு விலகிக் கூடிவந்ததற்காக ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர்.

கடல் கடந்தும் இளைப்பாறுதல் இல்லை. தங்கள் விசுவாசத்தின்படி வாழவென்றே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் குடியேறியிருந்த பியூரிட்டன்கள், 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்களைப் பாஸ்டனில் தூக்கிலிட்டனர். மேரி டையர் என்னும் தாயும் அவர்களில் ஒருவர். உபத்திரவத்துக்குத் தப்பினவர்களே உபத்திரவப்படுத்தினர்!

1681-ல், கடற்படைத் தலைவராயிருந்த தம் தந்தைக்கு அரசு தரவேண்டிய கடனுக்கு ஈடாக, வில்லியம் பென் என்னும் குவேக்கர் மன்னர் இரண்டாம் சார்லஸிடமிருந்து பென்சில்வேனியாவைப் பெற்றார். விசுவாசத்துக்காகச் சிறையிருந்தவரின் கையில் இப்போது அதிகாரம் வந்தது. பழிவாங்க அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஒரே தேவனை விசுவாசிக்கிற எவரும் ஆராதனையின் நிமித்தம் துன்புறுத்தப்படலாகாது என்பது 1682-ல் அங்கே சட்டமாயிற்று. தலைநகருக்குப் பிலதெல்பியா என்று பெயரிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் நாம் வாசிக்கும் சபையின் பெயர் அது. சகோதர சிநேகம் என்பது பொருள். இங்கிலாந்தின் சட்டம் தடைசெய்திருந்த கத்தோலிக்கத் திருப்பலிக்கும் 1733-ல் அந்நகரில் ஓர் ஆலயம் எழுந்தது. அந்த வழிபாட்டைக் குவேக்கர்கள் ஏற்கவில்லை. ஆயினும் அதற்கு இடமளித்தனர்.

அவர்களும் குறைவற்றவர்கள் அல்லர். பென்னே அடிமைகளை வைத்திருந்தார். ஜெர்மன்டவுனில் சிலர் 1688-லேயே அடிமைத்தனத்தை எதிர்த்து எழுதினர். எனினும், அங்கத்தினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாது என்று பிலதெல்பியா குவேக்கர்கள் தீர்மானிக்க 1776 வரை சென்றது. நமக்கென்று கேட்ட சுயாதீனத்தைப் பிறருக்கு அளிப்பது அத்தனை கடினம்.

பிரியமானவர்களே, வேறு சபையிலிருந்து வந்த மருமகள் தன் வழக்கத்தின்படி ஜெபிக்க நம் வீட்டில் இடமுண்டா? கைதட்டிப் பாடுகிறவரும் அமைதியாய் ஜெபிக்கிறவரும் ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதிருக்கிறார்களா? நம் ஆராதனைக்குத் தடை வரும்போது நியாயம் கேட்கும் நாம், பிறமதத்து அயலாரின் வழிபாட்டுக்குத் தடை வரும்போதும் வாய் திறக்கிறோமா?

நம் விசுவாசத்தை மறைக்கவோ தளர்த்தவோ வேண்டியதில்லை. ஆனால், கட்டாயத்தினால் முழங்கால்கள் முடங்கலாம், இருதயம் முடங்காது. மத்தேயு 7:12-ஐ இந்த வாரம் ஜெபத்தோடு வாசியுங்கள். அதிகாரம் நம் கையில் இருக்கும் இடத்தில், அது வீடாயினும் சபையாயினும், முதலில் அதைக் கைக்கொள்ளக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.