வேப்பெண்ணெய் பூசச் சொன்னது யார்?

"இன்னுமாடி பால் குடுக்கற? ஒரு வயசு தாண்டுனா அது வெறும் தண்ணிடி."

கச்சிராயபாளையத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், நடை பழகிய பிள்ளை ஒன்று தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தால் போதும். இப்படிச் சொல்வதற்கென்றே பக்கத்தில் ஒருத்தி இருப்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அக்கறையில்தான் சொல்கிறாள். மாமியாரும் நாத்தனாரும் அதையேதான் சொல்வார்கள். படித்த வீட்டிலும் இதே பேச்சு உண்டு. "நியூட்ரிஷன் இல்லையாமே" என்று இங்கிலீஷில் சொல்வார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் தாயின் மார்பில் வேப்பெண்ணெயோ, சோற்றுக்கற்றாழையோ, அடுப்புக் கரியோ ஏறிவிடும். சில வீடுகளில் மிளகாய்கூட.

அந்தப் பால் தண்ணீர் இல்லை. எந்த வயதிலும் அது தண்ணீராக மாறுவதில்லை.

இப்படி ஒரு எண்ணம் எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பார்த்தால் முதலில் வருவது மெல்லியதாக, லேசான நீலம் பாய்ந்து இருக்கும். எருமைப் பால் கறந்து பழகிய கண்ணுக்கு அது பாலாகவே தெரியாது. ஆனால் மனிதப் பால் முதல் மாதத்திலிருந்தே அப்படித்தான்: அதில் புரதம் 1 சதவீதம் அளவுக்குத்தான் உண்டு, மாட்டுப் பாலில் 3 சதவீதத்துக்கும் மேல். கன்று சில மாதங்களில் மாடாக வேண்டும், நம் பிள்ளைக்கு அந்த அவசரம் இல்லை. பிள்ளை குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடிவரும். அந்தப் பின்பால் பீய்ச்சிப் பார்க்கிறவர்கள் கண்ணில் படாது. இன்னொன்று, சில மாதங்கள் போனதும் மார்பு முன்போலக் கனப்பதில்லை. குடிக்கிற அளவுக்குச் சுரக்க உடம்பு பழகிக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். "வத்திப்போச்சு" என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம்.

அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. இஸ்ரேலில் 2005-ல் ஓராண்டுக்கு மேல் பாலூட்டிய தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள். சில மாதங்களாகவே பாலூட்டி வந்தவர்களின் பாலைவிட அதில் கொழுப்பு அதிகம் இருந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2016-ல் வெளிவந்த ஆய்வில், இரண்டாம் ஆண்டுப் பாலில் லாக்டோஃபெரின், லைசோசைம், ஐஜிஏ ஆகிய நோய் எதிர்ப்புப் பொருள்கள் கூடிக்கொண்டு போயின. துத்தநாகமும் கால்சியமும் குறைந்தன. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரையான பிள்ளைக்கு நாளுக்குச் சுமார் 450 மில்லி தாய்ப்பால் கிடைத்தால், அதற்குத் தேவையான கலோரியில் 29 சதவீதம், புரதத்தில் 43, வைட்டமின் சி-யில் 60, வைட்டமின் ஏ-யில் 75, பி12-இல் 94 சதவீதம் வந்துவிடுகிறது என்பது ஊட்டச்சத்துத் துறையில் பலகாலமாகப் புழங்கும் கணக்கு. தாய்க்கே சத்துக் குறைந்தால் இதில் சில எண்கள் இறங்கும். அப்படியானால் சாப்பாடு போட வேண்டியது தாய்க்கு. பாலை ஏன் குறை சொல்ல வேண்டும்?

இரண்டு வயது வரையும், அதற்குமேல் தாயும் பிள்ளையும் விரும்பும் வரையும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தது ஓராண்டு என்று வெகுகாலம் சொல்லிவந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2022-ல் இரண்டு ஆண்டுக்கும் அதற்கு மேலும் ஆதரவு என்று மாற்றிக்கொண்டது. தாய்க்கும் இதில் பங்கு உண்டு. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்றது" என்பவர்கள் சீர்காழிக்குப் போகலாம். பிரம தீர்த்தக் கரையில் பசித்து அழுத சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தபோது பிள்ளைக்கு வயது மூன்று. அதைத்தான் ஆண்டுதோறும் சித்திரையில் சட்டைநாதர் கோயிலில் திருமுலைப்பால் உற்சவமாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கதையிலும் யார் கொடுத்த பால் என்று கோலை ஓங்கிக்கொண்டு வந்தவர் தந்தைதான். மூன்று வயதுப் பிள்ளை பால் குடித்ததைத் திருவிழாவாக்கிவிட்டு, பேருந்து நிலையத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பவளைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

எதிர்த்தரப்பில் நியாயமான பேச்சு ஒன்றே ஒன்று உண்டு. "பாலையே சப்பிக்கிட்டு கெடக்கு, சோறு எறங்க மாட்டேங்குது." இதைத் தள்ளிவிட முடியாது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆறு மாதத்துக்குப் பிறகும் பாலை மட்டுமே நம்பிக் கிடக்கிற பிள்ளைக்கு ரத்தச்சோகை வரும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. ஆனால் அந்தப் பிள்ளையின் தட்டைப் பாருங்கள். ரசத்தில் கரைத்த இரண்டு வாய்ச் சோறு இருக்கும், அதுவும் ஆறிப்போய். இதற்கு இறங்கவில்லை என்று பிள்ளையைத் திட்டி என்ன பயன்? பால் மறக்கடித்த பிறகு அந்த இடத்துக்கு என்ன வருகிறது என்று பார்த்தால் இன்னும் மோசம். டீயில் நனைத்த பிஸ்கட், பன்னு, பாக்கெட் பால். இரும்பு உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். மாட்டுப் பாலிலும் இரும்பு மிகக் குறைவு, அளவு மீறினால் சோகையைக் கூட்டும். ரத்தச்சோகைக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தி டீயைக் கொடுப்பதை வைத்தியம் என்கிறோம்.

செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது. பசி வரும் நேரத்தில் முதலில் சாப்பாடு, பால் அதற்குப் பின்னால். கல்வராயன் மலையில் விளையும் சாமையும் தினையும், கீழே கிடைக்கும் கேழ்வரகும் இருக்கின்றன. முட்டை, முருங்கைக்கீரை, முடிந்த வீட்டில் கொஞ்சம் ஈரல். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு பல வீடுகளில் ஆட்டுக்குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. அதை உருண்டை பிடித்துப் பிள்ளை கையில் கொடுக்கலாம். ராத்திரி முழுக்க வாயில் வைத்தபடியே தூங்கும் பிள்ளைக்குப் பல் சொத்தையாகும் வாய்ப்பு கூடும், அதனால் பல் தேய்த்துவிட வேண்டும். இவ்வளவுதான். எதற்கும் வேப்பெண்ணெய் தேவையில்லை.

வேப்பெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கசப்பு நல்லது என்று நம்புகிற ஊர் நம்முடையது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர்கள் 1981-ல் லான்செட்டில் எழுதினார்கள். மார்பில் பூசுவதில் அந்த அளவு உள்ளே போகாதுதான். ஆனாலும் நேற்றுவரை ஆறுதல் தந்த இடத்தை ஒரே ராத்திரியில் கசக்க வைப்பதற்கு என்ன அவசரம்?

அவசரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பால் மாவு வணிகத்தைக் கட்டுப்படுத்த உலக சுகாதாரப் பேரவை 1981-லேயே நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992-ல் சட்டம் போட்டு 2003-ல் திருத்தியது. இரண்டு வயது வரையான குழந்தைக்குரிய பால் மாவுக்கும் டப்பா உணவுக்கும் இங்கே விளம்பரமே கூடாது. அதனால் என்ன செய்தார்கள்? இரண்டு வயதுக்கு மேல் என்று அச்சடித்த டப்பாவில் உயரமும் மூளையும் வளரும் என்று படம் போட்டார்கள். வளரும் பிள்ளைக்கான இத்தகைய பால் மாவு தேவையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் சொன்னது. 2016-ல் விளம்பரத் தடையை மூன்று வயது வரை நீட்டச் சொன்னது. நம் சட்டம் இன்னும் இரண்டிலேயே நிற்கிறது. "உன் பால் தண்ணி" என்று பாட்டி சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பெனிகளுக்கு ஒரு விளம்பரம் மிச்சம். பாட்டிக்கு அதில் காலணா கமிஷன் கிடையாது.

அடுத்தது வேலை. பேறுகால நலச் சட்டம், 1961, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரச் சொன்னது. பாலூட்டல் ஓராண்டோடு முடிவதில்லை என்பது அறுபது ஆண்டுக்கு முன் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவளுக்கு அந்த இடைவேளையை யார் கொடுப்பது? நூறு நாள் வேலைத் தளத்தில் சிறு பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். மரத்தடியில் தூளி கட்டி மூத்த பிள்ளையைக் காவல் வைத்ததைத்தான் நாம் பார்த்தோம். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை 2015-ல் வந்தது, நல்ல காரியம். கைக்குழந்தையோடு போகிறவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. செருப்புப் போட்ட பிள்ளையோடு உள்ளே போய்விட்டு வருகிறவளைப் பார்க்கிற பார்வை வேறு. வேலையாலும் வெட்கத்தாலும் நின்றுபோகிற பாலுக்கு, சத்தில்லை என்று ஒரு மருத்துவக் காரணம் ஒட்டிவிடுகிறோம்.

மறுபடி உண்டாகிவிட்டால் பால் விஷமாகிவிடும் என்று இன்னொரு பேச்சு. விஷமாகாது. சிக்கலில்லாத கர்ப்பத்தில், தாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மூத்ததுக்குத் தொடர்ந்து கொடுக்கலாம். குறைப்பிரசவம் நடந்தவர்களும் ரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்க வேண்டும். பட்டென்று பிடுங்கப்பட்டுச் சவலை பாய்ந்த பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பாலைக் குற்றம் சொல்கிறோம். பாலுக்குப் பதில் என்ன கொடுத்தோம் என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு தாயும் மூன்று வயது வரை கொடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான். ராத்திரியில் நாலு முறை எழுந்து, விடியற்காலையில் அடுப்பு மூட்டி, பகலெல்லாம் களை பறிக்கிறவள் "போதும்" என்றால் போதும்தான். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, குற்றவுணர்வும் தேவையில்லை. நிறுத்துவதை அவள் தீர்மானிக்கட்டும். பொய் சொல்லி நிறுத்த வைக்காதீர்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரலாம். அதனால் வாரத்துக்கு ஒருவேளையாகக் குறைப்பது நல்லது. பிள்ளை விளையாட்டில் மறக்கிற பகல்வேளையில் தொடங்கலாம். பால் கட்டினால், வலி தீருமளவுக்கு மட்டும் பீய்ச்சிவிட்டுக் குளிர்ந்த துணி போடலாம். மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டும் நம் ஊர்ப் பழக்கத்தைப் புதிதாகப் பெற்ற தாய்மாரிடம் பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் சுரப்பைக் குறைப்பதாக 1988-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வேப்பெண்ணெயைவிட அது எவ்வளவோ மேல். கடைசியாக நிறுத்த வேண்டியது ராத்திரிப் பால். அந்தப் பத்துப் பதினைந்து ராத்திரிகளில் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது அப்பன் வேலை.