வண்டி 'உள்ளேன் ஐயா' சொல்கிறதா?



வாத்தியார் எதற்குக் கார் என்ஜினைப் பற்றி எழுதுகிறார் என்று சிரிக்காதீர்கள். முழுதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். நல்ல மழை ஓய்ந்து மூடுபனி இறங்கியிருந்தது. என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். காரை எடுத்தேன். ஊரைத் தாண்டி இரண்டாவது ஏற்றத்திலேயே வண்டி குலுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, இழுவை இல்லை. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அடுத்த வளைவில் நின்றே போய்விட்டது.

செல்போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் அவள், "பயப்படாதீங்க, சரியாயிடும்" என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள். அந்த இருபது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பிக்கப் நின்றது. முன் சீட்டில் அவளை ஏற்றி, பின்னால் மூட்டை மேல் நான் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் நம் பள்ளியில் படித்த பையன்தான். பிளக் நான்கும் தேய்ந்திருந்தன. ஒரு காயிலின் ரப்பர் உறை வெடித்து உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. அவன் சொன்னது: "சார், இது நேத்து வந்த கோளாறு இல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஆடியிருக்குமே, கவனிக்கலையா?"

கவனித்தேன். மூன்று வாரமாக ஆடியது. சூடானதும் சரியாகிவிடும். குளிருக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பையன் பின்தங்குகிறான் என்று சொன்னால், "போகப்போகச் சரியாயிடுவான் சார்" என்பார்களே சில பெற்றோர், அவர்களை எத்தனை முறை கடிந்துகொண்டிருப்பேன்! நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் 'மிஸ்ஸிங்' என்கிறார்களே, அது என்னவென்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். என் வண்டியில் நான்கு சிலிண்டர். என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1,000 முறை பெட்ரோல் தீப்பிடிக்க வேண்டும். வருகைப் பதிவேடு எடுக்கிற மாதிரி, ஒவ்வொன்றும் தன் முறைக்கு 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். ஒன்று சொல்லாமல் விட்டால் அதுதான் மிஸ்ஸிங். நான்கில் ஒன்று விட்டால் கால் பங்கு பலம் போச்சு. இப்போது வருகிற சின்னக் கார்கள் பலவற்றில் மூன்றே சிலிண்டர். அங்கே மூன்றில் ஒரு பங்கு போச்சு.

நம் மலையில் இது இன்னும் மோசம். கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு இங்கே ஏற்கெனவே அந்த அளவுக்குப் பலம் குறைவுதான். அதன் மேல் ஏற்றம், அதன் மேல் ஈரம். பிளக்குக்குப் போகும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். உறையில் சின்ன விரிசல் இருந்தாலும் ஈரத்தில் வழி மாறிப் போய்விடும். மதுரையில் ஓடும்போது தெரியாத கோளாறு, மலை ஏறும்போது தெரிகிறது. மலை மேல் பழி போடாதீர்கள். மலை பரீட்சை வைக்கிறது, அவ்வளவுதான்.

"ஓடுற வண்டியில கை வைக்காதே" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதை நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். பிளக் மாற்றச் சொன்னால் அடுத்த மாதம் என்கிறோம். எனக்கு பிளக் நான்குக்கும் ஆன செலவு அன்றைய பெட்ரோல் செலவைவிடக் குறைவு. மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்ற பல ஆயிரங்கள் ஆகும்.

ஆகவே, பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

சாதாரண பிளக் பெரும்பாலும் 30, 40 ஆயிரம் கிலோமீட்டர்தான். இரிடியம் பிளக் 1 லட்சம் வரை வரலாம். உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே சரி. மலையில் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறுகிற 20 கிலோமீட்டரும், நான்குவழிச் சாலையில் போகிற 20 கிலோமீட்டரும் என்ஜினுக்கு ஒன்றல்ல.

பிளக் மாற்றும்போதே காயிலின் ரப்பர் உறையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டரை மழைக்கு முன்பு ஒரு தடவை, கோடைப் புழுதி முடிந்து ஒரு தடவை பாருங்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் அடுக்கிய கொட்டகையில் வண்டி நிறுத்துபவர்கள், வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டு, டேங்க்கில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் அந்த வாரமே காட்டுங்கள். விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்றே சொல்லிவிடும். ஆகவே, எல்லாவற்றையும் மாற்றணும் என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். கேள்வி கேட்கத்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

மன்னவனூர், பூண்டி, கிளாவரை பக்கம் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி எங்களைவிடத் தூரம். அங்கே ஒருவர் வீட்டுக் கார் என்பது தெருவுக்கே ஆம்புலன்ஸ். பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி, எது வந்தாலும் அந்த வண்டியைத்தான் வந்து தட்டுவார்கள். அது கிளம்பணும், ஏறணும்.

நான் இப்போது ஒரு 40 பக்க நோட்டு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, காரிலேயே வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறேன். நான்கும் ஒழுங்காக 'உள்ளேன் ஐயா' சொன்னால்தான் கிளம்புகிறேன். என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நாளைக் காலை நீங்களும் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்