ஐஸ் ஃபேக்டரியை விட்டுட்டாங்களே பாஸ்!

புரூஸ் லீ பற்றி டாகுமென்டரின்னு சொன்னாலே உங்க கை தானா ஹெட்போனைத் தேடும். தேடட்டும். ஆனா 'ஐ ஆம் புரூஸ் லீ'யைப் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் இதைக் கேட்டுடுங்க ஃப்ரெண்ட்ஸ்.

2012-ல் பீட் மெக்கார்மாக் இயக்கிய படம். ஒன்றரை மணி நேரம் ஓடுது. கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் வர்றார், ஹாலிவுட் நடிகர் மிக்கி ரூர்க் வர்றார், 'பிளாக் ஐட் பீஸ்' பாட்டு கோஷ்டியின் டபூகூட வர்றார். ஆளாளுக்குச் சொல்றது ஒண்ணுதான்... தலைவர் கிரேட்! அடப் போங்கப்பா, அதை எங்க ஊர் கராத்தே கிளாஸ் போர்டே சொல்லுது! இது போதாதுன்னு, கூண்டுக்குள்ள நடக்கற எம்.எம்.ஏ. சண்டைக்கு இவர்தான் அப்பாவா, இல்லையான்னு ஒரு பட்டிமன்றம் வேற. சாலமன் பாப்பையா இல்லாததுதான் குறை.

மனைவி லிண்டாவும், கூடப் பயிற்சி செய்த டேன் இனோசான்டோவும் பேசற இடங்கள் மட்டும் நிஜமாவே நல்லா இருக்கு. ஒப்புக்கிறேன்.

என் கடுப்பு வேற. ஹாங்காங்கில் அவரை ஸ்டார் ஆக்கிய படம் 1971-ல் வந்த 'தி பிக் பாஸ்'. (டி.வி. வீட்டுச் சண்டை இல்லீங்க!) சீனாவிலிருந்து தாய்லாந்துக்குப் பிழைக்க வர்ற ஒரு பையன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை. சண்டைக்குப் போக மாட்டேன்னு அம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கான், அதுக்கு அடையாளமா கழுத்துல ஒரு டாலர். ஐஸ் கட்டிக்குள்ள போதைப் பொருள் போறதைப் பார்த்துட்ட தொழிலாளிகள் காணாமப் போறாங்க. எங்கேன்னு கேட்கப் போனவங்களும் காணோம். மத்தவங்க வேலையை நிறுத்தினா, அடியாட்கள் வர்றாங்க. ஒருத்தன் அந்த டாலரை அறுத்துட, தலைவர் கை நீட்டறார்.

அடுத்து நிர்வாகம் என்ன செய்யுது தெரியுமா? அவரையே ஃபோர்மேன் ஆக்கிடுது! விருந்து, சரக்குன்னு கவனிப்பு வேற. காணாமப் போனவங்க பேச்சு அப்படியே அமுங்கிப்போகுது. நேத்து தோள்ல தூக்கினவங்க இன்னிக்கு அவரை முறைக்கறாங்க.

நம்ம கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல இந்த சீனுக்கு சப்-டைட்டிலே வேணாம். சென்ட்ரல்லேர்ந்து வர்ற லோக்கல்ல பொன்னேரி தாண்டினதும் காதைக் கொடுங்க, பாதிப் பேச்சு இந்தியும் ஒடியாவும்தான். ஒடிசா, பீகார்லேர்ந்து ரோலிங் மில் வேலைக்கு வந்த அண்ணன்கள். கேள்வி கேட்கறவனை மேஸ்திரி ஆக்கி வாயை அடைக்கற டெக்னிக் அவங்களுக்குப் புரியாதா என்ன? அப்படி ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற ஒரு ஆள் முன்னாடி கேமராவை வெச்சு, "புரூஸ் லீயை உனக்கு ஏன் பிடிக்கும்?"னு கேட்டிருந்தா, மிக்கி ரூர்க்கைவிட நல்ல பதில் கிடைச்சிருக்கும்.

1973 ஜூலை 20-ல் சாகும்போது மனுஷனுக்கு வயசு 32. 'என்டர் தி டிராகன்' ரிலீஸைக்கூடப் பார்க்கலை. இவ்வளவு சின்ன வாழ்க்கையைச் சொல்ல வந்த படத்துல அடுத்தவங்க புகழ் பாடவே நேரம் சரியாப் போயிடுச்சு.

இந்த சண்டே ஹாஸ்டல்ல 'தி பிக் பாஸ்' போடுங்க. சண்டை கொஞ்சம் லேட்டாத்தான் ஆரம்பிக்கும். அதுக்காக எவனாவது ஃபார்வர்ட் பண்ணினா, லேப்டாப்பைப் பிடுங்கிடுங்க!