அரிது என்னும் சொல்

இலக்கியம் பயில்வார்க்கு அறுவை மருத்துவத்தில் என்ன வேலை என்று மருத்துவக் கல்லூரி நண்பர் சிலர் எம்மை வினவக்கூடும். ஒரு சொல்லின் பொருளை ஆராய்தல் எமக்குரிய தொழிலேயாகும். ஈண்டு யாம் எடுத்துக்கொண்டதும் ஒரு சொல்லே.

மகளிரின் இடுப்பின் அடியிலே தசைகளும் நாண்களும் தொட்டில்போல அமைந்து, கருப்பை, நீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. மகப்பேற்றாலும் முதுமையாலும் அத்தொட்டில் தளருமாயின் அவ்வுறுப்புகள் கீழிறங்கும். இருமினும் சிரிப்பினும் சிறுநீர் கசியும். உயிரை உடனே கொள்ளும் நோயன்று. ஆயினும் நால்வர் கூடும் இடத்துக்குச் செல்லவொட்டாது. தாய் தன் மகளிடத்தும் இதனை உரைக்க நாணுவாள்.

இதனைத் தீர்த்தற்குப் பிளாஸ்டிக் இழையால் நெய்த வலையை உள்ளே பதிக்கும் முறையை மேனாட்டு மருத்துவர் கைக்கொண்டனர். அமெரிக்காவில் இத்தகைய கருவி முன்பே விற்பனையிலுள்ள ஒன்றை ஒத்தது என்று காட்டினாலே அந்நாளில் போதுமாயிருந்தது. பெண்களிடத்து முன்னரே சோதித்தல் கட்டாயமாக இருந்ததில்லை. சிறுநீர்க் கசிவுக்கான ‘புரோட்டிஜென்’ என்னும் வார் 1996இல் அனுமதி பெற்றது. அதனை ஒப்புமை காட்டி 1998இல் வேறொரு வார் அனுமதி பெற்றது. மூல வாரோ தீங்கு மிகுந்தமையால் 1999இல் சந்தையினின்றும் திரும்பப் பெறப்பட்டது. மூலம் பிழையென்று தள்ளிய பின்னும் அதன் படி செல்லுபடியாயிற்று! ஏட்டுச் சுவடி பதிப்பிப்பாருங்கூட இதற்கு ஒருப்படார்.

உறுப்பிறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியே பதிக்கும் வலை 2002இல் அனுமதி பெற்றது. சிலருக்கு வலை சதையை அரித்து வெளிப்பட்டது. ஓயாத வலியும் குருதிப்போக்கும் உண்டாயின. சதையோடு பிணைந்துவிட்ட வலையை மீட்டெடுத்தலோ மிக அரிய செயல். 2008இல் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம், மூன்றாண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறையீடுகள் வந்தன என்றும், இத்தீங்குகள் அரியனவே என்றும் அறிவித்தது. அடுத்த மூன்றாண்டில் மேலும் 2,874 முறையீடுகள் வந்தன. 2011இல் அந்நிருவாகமே, உறுப்பிறக்க வலையால் வரும் கொடுந்தீங்குகள் அரியனவல்ல என்றது.

அரிது என்பது அளவுப்பொருள் தரும் சொல். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எண்ணியறிந்தவனே அதனைச் சொல்லற்குரியன். தாமாக வந்தடைந்த முறையீடுகளை வைத்து ‘அரிது’ என்றல், கதவைத் தட்டியவரை மட்டும் எண்ணி ஊரில் பசித்தார் சிலரே என்பது போலாம். நாணத்தால் மறைக்கப்படும் நோயில் தட்டாதவர் எத்துணையர்!

முறையான ஆராய்ச்சி பின்னரே வந்தது. பிரிட்டனில் 35 மருத்துவ நிலையங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனை, உறுப்பிறக்க அறுவையில் வலை சேர்த்ததால் முதலிரண்டு ஆண்டுகளில் நன்மை மிகவில்லையென்றும், பத்தில் ஒருவருக்கு மேல் வலையால் இடர் நேர்ந்ததென்றும் காட்டிற்று. 2019 ஏப்ரலில் அமெரிக்கா அவ்வலையின் விற்பனையை நிறுத்தியது. கசிவுக்கான வார் அத்தடையுள் அடங்கவில்லை; அதனால் நலம் பெற்றாரும் பலர். ஆதலின் வலை முழுதும் நஞ்சென்று கூறுவாரோடு யாம் உடன்படோம். கடுஞ்சோதனை புது மருத்துவத்தைத் தாமதிக்கும் என்பாரோடும் உடன்படோம். 2002இலேயே அச்சோதனையைத் தொடங்கியிருப்பின் எத்தனையோ பெண்கள் தப்பியிருப்பர்.

2020இல் கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையில் பிரிட்டனில் வெளிவந்த அறிக்கை, வலியைச் சொன்ன பெண்களை மருத்துவர் பலர் நம்பாது அனுப்பினர் என்றும், தீங்குற்றார் தொகையை மருத்துவத்துறை அறியாது என்றும் கூறி, வலை பதிக்கப்பெற்ற ஒவ்வொருவரையும் ஏட்டிற் பதிந்து பின்தொடர வேண்டுமென்றது. நன்றே. ஆயின் 1998இல் தன் நாற்பதாம் வயதில் வார் பதித்துக்கொண்ட ஒருத்தி இன்று அறுபத்தைந்தைக் கடந்திருப்பாள். அவளை எந்த ஏட்டிலே தேடுவது?