எண்ணெய்க் கணக்கும் நான்கு அங்குலமும்

2024 அக்டோபரில் இந்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று 10,103 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கத்தை அறிவித்தது. 2022-23-ல் 390 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தியை 2030-31-க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்த வேண்டுமாம். 2025 மே கடைசியில் அதே அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தது.

திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை (எங்கள் ஊரில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) போடும் என் தாய்மாமாவிடம் தொலைபேசியில் பேசினேன். செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன்.

"ஆறு அங்குலம் மாப்ள. விதை விக்கிற விலைக்கு நாலு அங்குலம் கட்டுப்படியாகாது."

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்குச் சுமார் 1,35,000 செடிகள். 15 செ.மீ. ஆக்கினால் 90,000. விதையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கொடி ரகமாக இருந்தால் படர்ந்து இடத்தை ஓரளவு நிரப்பிக்கொள்ளும்; மாமா போடுவது கொத்து ரகம். வெற்றிடம் வெற்றிடமாகவே கிடக்கும், களைதான் லாபம்.

ஆனால் மாமாவை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. நெருக்கி விதைத்தால் தண்ணீருக்கும் போட்டி. நிலக்கடலை மேலே பூத்து, விழுதை மண்ணுக்குள் இறக்கிக் கீழே காய்க்கும் விசித்திரமான செடி. 40, 45-ஆம் நாளையொட்டி மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது இறங்காது. இறங்கினாலும், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் அனுப்புவதில்லை, காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அதற்கும் ஈரம் வேண்டும். இல்லையென்றால் ஜிப்சம் போட்டும் பொக்குதான். ஆக, அந்த ஒரு மாதத் தண்ணீர் உறுதியாக இருந்தால்தான் நான்கு அங்குலத்துக்கு அர்த்தம். கிணற்றை நம்ப முடியாதவர் விதையைக் குறைத்து நஷ்டத்தைக் குறைக்கிறார். மென்பொருளில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம், பெயர் மட்டும் கௌரவமானது.

தெளிப்பு நீர்ப் பாசனம் போட்டால் இருக்கிற தண்ணீரே அந்த மாதத்தைத் தாண்டிவிடும் என்றேன். மாமா மறுக்கவில்லை.

"போடலாம். பிடுங்குற மாசம் மூட்டை என்ன விலைக்குப் போகும்? அதைச் சொல்லு."

இறக்குமதி எண்ணெய் மலிந்தால் கடலை எண்ணெயின் விலையும் இழுபடும். வரியை எப்போது ஏற்றுவார்கள், எப்போது இறக்குவார்கள் என்பது விதைக்கும்போது அவருக்குத் தெரியாது. நான் பேச்சை மாற்றி அத்தையின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன்.