கோப்பை வேண்டாம், திடலைக் கொடுங்கள்!

இந்தியக் கால்பந்து வரலாற்றில் மைசூர் என்ற பெயர் நான்கு முறை வெற்றிப் பட்டியலில் ஏறியிருக்கிறது. 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளில் சந்தோஷ் கோப்பையை வென்றது மைசூர் மாநில அணி. நான்கு முறையும் இறுதியாட்டத்தில் தோற்றது வங்காளம். கால்பந்து என்றால் கல்கத்தாதான் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த சங்கதி இது. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், "மைசூரா, கால்பந்தா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள்மீது குற்றமில்லை. பந்தை உதைத்துப் பார்க்க நாம் குடியிருக்கும் பேட்டைகளில் அவர்களுக்கு இடம் எங்கே இருக்கிறது?

அந்த மைசூர் நம் நகரமல்ல, பழைய மாநிலத்தின் பெயர் என்று வாசகர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 1973ஆம் ஆண்டில்தான் மாநிலம் கர்நாடகம் ஆயிற்று. அந்த அணிகளுக்கு ஆடியவர்களில் பலர் பெங்களூர்க்காரர்கள். அவர்களிலும் தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணிக்கு ஒரே கோலைப் போட்டவர் நம் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. அன்று நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, 2-1 என்று தோற்றோம். தோற்றாலும் பேர் நின்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம் பெற்ற அருமைநாயகமும் பெங்களூரிலிருந்து கல்கத்தா சென்று மோகன் பகானுக்கு ஆடியவர்தான்.

இவர்களையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகம் தயாரித்தது? பெங்களூர் அல்சூருக்குப் பக்கத்தில் கௌதமபுரம் என்று ஒரு சிறு பேட்டை இருக்கிறது. உழைத்துப் பிழைக்கும் தமிழர்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பெலேக்கும் சிலை வைத்திருக்கிறார்கள்! 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சந்துகளிலிருந்து மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் ஆட்கள் போயிருக்கிறார்கள். காரணம் பெரிய ரகசியமல்ல. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உதைத்து விளையாட ஓர் இடம் இருந்தது. நன்றாக ஆடினால் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை ஆலைகளின் அணியில் சேரலாம், சேர்ந்தால் சம்பளமும் வேலையும் நிரந்தரம் என்ற நம்பிக்கை இருந்தது. திடலும் வேலையும் சேர்ந்துதான் அந்த ஆட்டக்காரர்களை உருவாக்கின. ஆலை வேலைகள் சுருங்கிய கதையை நம் ஏடுகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. திடல் போன கதையை யாரும் எழுதக் காணோம்.

இடையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 54 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 4ஆம் நாள் கர்நாடக அணி மறுபடியும் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. இறுதியாட்டம் நடந்த இடம் சவூதியின் ரியாத். நம் ஊர்க்காரர்கள் கொத்து வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போகிற அதே ரியாத்! மேகாலயாவை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் நம் பக்கத்து கோல்களைப் போட்டவர்கள் சுனில் குமார், பேக்கி ஓராம், ராபின் யாதவ். பெயர்களைப் பாருங்கள். ஓராம் என்பதும் யாதவ் என்பதும் எந்தத் திசைப் பெயர்கள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. அன்று சாரங்கபாணியும் அருமைநாயகமும் ஆடினார்கள். இன்று ஓராம் ஆடுகிறார். மாநிலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கோல் அடிப்பவனைப் பார்த்து எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம்.

'நகர அபிவிருத்தி' என்ற சொல்லுக்கு மைசூரில் நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1898இல் பிளேக் வந்து ஊரைச் சூறையாடியது. அதன் பிறகு 1903இல், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், மைசூர் சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் போர்டு அமைந்தது. நெருக்கமான சந்துகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கொண்டுவந்து, புதிய குடியிருப்புகளைப் பிரித்து, அகலமான சாலைகளைப் போட்டார்கள். இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து வாயைப் பிளக்கும் அழகு அப்போது போட்ட அடித்தளம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி 1988இல் அந்த போர்டு போய், மைசூர் நகர வளர்ச்சி ஆணையம், அதாவது 'முடா', வந்தது. போர்டு என்றாலே ஊரைச் சீர்படுத்துவது என்று இருந்த பொருள் போய், ஆணையம் என்றாலே சைட்டு என்று ஆகிவிட்டது. 2024இல் அதன் மனை ஒதுக்கீடு பற்றி நாடு முழுவதும் நடந்த வாக்குவாதத்தை நாம் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அது வழக்குகளின் விஷயம். நாம் கேட்பது வேறு: யாருக்கு எத்தனை சைட்டு என்று இரு கட்சியும் கணக்குக் கேட்டார்களே, பிள்ளைகளுக்கு எத்தனை திடல் என்று ஒரு கட்சியாவது கேட்டதா?

சட்டம் இல்லாமலில்லை. கர்நாடகத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகளைப் பாதுகாக்க 1985ஆம் ஆண்டில் தனிச் சட்டமே போட்டார்கள். பட்டியலில் ஏறிய திடலை அனுமதியில்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் சட்டத்தில், லேஅவுட் போட்டால் மொத்த நிலத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமல் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 1980களில் எழுதிச் சேர்த்தார்கள்.

கோளாறு எங்கே என்றால், அந்த 'பூங்காவுக்கும் திடலுக்கும்' என்ற சொற்களுக்கு நடுவில்தான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டபடியால், பூங்கா ஒன்று போட்டாலே கணக்கு நேராகிவிடுகிறது. நாலு சிமெண்டு பெஞ்சு, நடக்க ஓர் ஓடுபாதை, இரும்புக் குழாயில் இரண்டு உடற்பயிற்சிக் கருவி, சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் பூட்டு. காலையில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் நடப்பதற்கு வெகு சௌகரியம். அவர்கள் நடக்கட்டும், நூறாண்டு வாழட்டும். ஆனால் அதே வாசலில் "பந்து விளையாடக் கூடாது" என்று ஒரு பலகையும் தொங்குகிறதே! பத்து வயதுப் பையன் பின்னே எங்கே போவான்? ரோட்டில் ஆடினால் வண்டி. காலி சைட்டில் ஆடினால் சைட்டுக்காரர். பள்ளிக்கூட மைதானமோ நாலு மணிக்கு மேல் பூட்டு. அந்தப் பள்ளிக்கூடமே, பொது வசதிக்கென்று விட்ட சி.ஏ. சைட்டில் எழும்பியதாகவும் இருக்கலாம். காசிருக்கும் வீட்டுப் பையன் மணிக்கு இவ்வளவென்று கட்டி, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்த 'டர்ஃப்'பில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறான். நம் பையன் வலைக்கு வெளியே நின்று, பந்து தாண்டி விழுந்தால் எடுத்துக் கொடுக்கிறான்.

இடம் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் உள்ள முழு அளவுக் கால்பந்துத் திடல் சுமார் 76,850 சதுர அடி. நம் ஊரில் எல்லாரும் கனவு காண்கிற முப்பதுக்கு நாற்பது சைட்டு 1,200 சதுர அடி. ஆக ஒரு முழுத் திடல் என்பது 64 சைட்டு. பெரியதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பேட்டைப் பிள்ளைகள் ஏழு ஏழு பேராக ஆட 50 மீட்டருக்கு 30 மீட்டர் போதும். அது பதினான்கு சைட்டுகூட ஆகாது. ஆயிரம் சைட்டு பிரிக்கிற லேஅவுட்டில் பதினான்கு சைட்டு இடத்தை மண்ணாகவே விட்டுவைக்க முடியாதா? சாமுண்டி மலை அடிவாரத்தில் குதிரை ஓடவும் கோல்ஃப் ஆடவும் விரிந்து கிடக்கும் பசும்புல்லைப் பார்த்துவிட்டு வருகிறவனிடம் போய் இந்த ஊரில் நிலமில்லை என்று சொன்னால் அவன் நம்புவானா?

கிரிக்கெட்டின்மீது நமக்கு விரோதமில்லை. 2010 ஜனவரியில் கங்கோத்ரி கிளேட்ஸில் ரஞ்சி இறுதியாட்டம் நடந்தபோது மும்பையிடம் ஆறே ரன்னில் தோற்ற துக்கம் நம்மவர்களுக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகள் மாலை முழுக்க ஆடக் கூடியது கால்பந்துதான். கூலி வாங்கும் வீட்டுக்கு அதுதான் கட்டுபடி.

நம் தாய்மார்களில் சிலர் நினைப்பதும் நமக்குத் தெரியும். பிழைக்க வந்த இடத்தில் படிப்பை விட்டுவிட்டுப் பந்து ஒரு கேடா என்கிறார்கள். படிப்பை விடச் சொல்லவில்லை, அம்மா. சாயங்காலம் ஐந்து மணிக்கு நீங்கள் வேலையிலிருந்து திரும்பாத வேளையில், பன்னிரண்டு வயதுப் பையன் எங்கே, யாரோடு, எதைக் கற்றுக்கொண்டு நிற்கிறான் என்பதுதான் கேள்வி. பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறோம். 2018இல் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தேசியப் பெண்கள் பட்டத்தைத் தமிழ்நாடு வாங்கியது. கடலூர் இந்துமதி கதிரேசன் பந்தின் புண்ணியத்தில் இந்திய அணிக்கும் ஆடினார், போலீசில் சப்-இன்ஸ்பெக்டராகவும் ஆனார். திடலில் ஒரு விளக்கும் ஒரு கழிப்பறையும் இருந்தால் நம் பெண்களும் வருவார்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். பெங்களூர் ராஜமகால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் நர்ஸிங் ஹோம் கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்ததோடு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று குடியிருப்போரையும் ஏற்றுக்கொண்டது. அவர்கள் வசதியுள்ளவர்கள், வக்கீல் வைக்க முடிந்தவர்கள் என்பீர்கள். சரி, சென்னைக்குப் போவோம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. கூலிக்காரர் வீட்டுப் பையன் நாள்தோறும் ஒரு மணி ஆடினால் மாதம் 3,600 ரூபாய்! ஊர் கொதித்தது. கட்சிகள் கண்டித்தன, ஆட்டக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். சில நாள்கூடத் தாங்காமல் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். வியாசர்பாடி போன்ற உழைப்பாளர் பேட்டைகளிலிருந்து கால்பந்து வளர்ந்த நகரம் அது. அதன் குரலை மீற முடியவில்லை.

நம்மிடம் தேர்தலுக்கு முன்னால் வருகிறவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள்? முதுகில் தலைவர் படம் போட்ட பனியன் பதினொன்று. ஆளுயரக் கோப்பை ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட், மைக்கில் மூன்று மணி நேரம் பாராட்டு. திங்கட்கிழமை பார்த்தால் ஆடிய இடத்தில் ஜல்லி கொட்டியிருக்கிறது. கோப்பையை வைக்க நம் ஒற்றை அறை வீட்டில் அலமாரி கிடையாது, தலைவர்களே! பத்திரத்தில் திடல் என்று எழுதிய இடத்தைக் காட்டுங்கள், அது போதும்.

2015, 2016 ஆண்டுகளில் மத்திய அரசின் கணக்கெடுப்பில் நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று மைசூர் முதலிடம் பெற்றது. விடியற்காலையில் துடைப்பத்தோடு இறங்கியவர்கள் யார்? கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது என்று வீட்டுக்கு வீடு மொழி வேறு, வேலை ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறோம். இதைத் தமிழர் கோரிக்கை என்று ஒதுக்க முடியாதபடி அண்டை அயலார் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கேட்க வேண்டும். பேட்டையின் மற்ற சங்கங்களும் கையெழுத்துப் போட்டால்தான் கார்ப்பரேட்டர் நாற்காலியை விட்டு எழுவார்.

முதலில் செய்ய வேண்டியது கூட்டமல்ல, விசாரணை. நம் லேஅவுட்டின் வரைபடத்தில் திடல் என்று குறித்த இடம் எது, 1985 சட்டத்தின் பட்டியலில் அது ஏறியிருக்கிறதா, இப்போது யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். கன்னடத்தில் எழுதுவது நல்லது. நம் பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள்தானே, அவர்களே எழுதட்டும். எழுத ஆளில்லாத வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கு வாருங்கள். வரும்போது உங்கள் லேஅவுட்டின் பெயர், சர்வே எண், பிள்ளைகள் இப்போது எங்கே ஆடுகிறார்கள் என்ற விவரம், இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.